வெட்டிவேர் போட்ட தண்ணீர்

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊரைக் கடந்து செல்லும் வாரம் அது. தலத்தெரு பக்கம் ஒரு வேலையாகப் போனவள், சாலையோரத் தண்ணீர்ப் பந்தல் ஒன்றைப் பார்த்து ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். பந்தல் முகப்பில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். 'எந்த ரசாயனமும் கலக்காத தூய இயற்கைக் குடிநீர்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு இலையும் அதன் நுனியில் ஒரு சொட்டும் வரைந்திருந்தது. எனக்கு உச்சந்தலை சுட்டது. இறங்கிப் போய் அங்கே நின்ற இளைஞரிடம் கேட்டேன்.

"இந்தத் தண்ணி எங்கேருந்து வருது தம்பி?"

"லாரியிலம்மா."

"லாரிக்கு எங்கேருந்து வருது?"

"அது தெரியலைங்கம்மா. ஆனா பியூர்."

"யாரு சொன்னா?"

"அதான் பேனர்லயே போட்டிருக்கே!"

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குப் பக்கத்தில் நின்று அதே தண்ணீரை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவரைத்தான் சொல்வேன். என்னிடம் வேலை பழகி, இன்று அதிகாரியாக இருப்பவர். என்னைப் பார்த்ததும் தம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "கோவப்படாதீங்க மேடம். இப்ப சனங்களுக்குக் குளோரின்னாலே பயம். நீங்க பாத்ததையெல்லாம் எழுதிக் குடுங்களேன், புதுசா சேர்ந்தவங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றார். கோபப்படாமல் எனக்கு எழுத வராது என்றேன். கோபத்தோடேயே எழுதுங்கள் என்றார். எழுதுகிறேன்.

என் பெயர் தமிழரசி. பிறந்தது திருவேட்டக்குடியில், கடலுக்குப் போகிற குடும்பத்தில். வேலை பார்த்தது சுகாதார ஆய்வாளராக. ஓய்வு பெற்றபின் தருமபுரத்தில் இருக்கிறேன். புதுச்சேரியில் பயிற்சி எடுத்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். சாக்கடை, கொசு, குடிநீர், இறைச்சிக்கூடம் என்று எல்லாவற்றையும் படித்தோம். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் சொன்னதில் ஒன்று மட்டும் கடைசிவரை கூட வந்தது: "தண்ணியைக் கண்ணால பாக்காதீங்க. கண்ணு பொய் சொல்லும்."

ஆகவே கண்ணை நம்பாமல் செய்கிற வேலை எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளீச்சிங் பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போவது சுகாதாரம் அல்ல, கோலம் போடுவது. முதலில் பொடியை மூக்கருகே கொண்டுபோக வேண்டும். கண்ணில் நீர் வரவழைக்காத பொடி செத்துப்போன பொடி. அது சுண்ணாம்புக்குச் சமம். நல்ல பொடியை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, தோசை மாவுபோல் கரைக்க வேண்டும். பிறகு வாளி நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி, அசையாமல் வைக்க வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கிற தண்ணீர்தான் மருந்து. அதை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் யாரையும் குழாயைத் திறக்க விடாமல் காவல் காக்க வேண்டும். அதன் பிறகு சின்னக் கண்ணாடிக் குப்பியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, சோதனைத் திரவத்தைச் சில சொட்டுகள் விட்டால் மஞ்சள் நிறம் வரும். மஞ்சள் வந்தால் தண்ணீருக்குள் காவல்காரன் உயிரோடு இருக்கிறான். நிறம் வராவிட்டால் அவன் செத்துவிட்டான். அவ்வளவுதான் என் சாஸ்திரம்.

தண்ணீரில் இது போதும். சோற்றில் போதாது. ஏனென்றால் சோற்றுக்குப் பின்னால் புண்ணியம் நிற்கிறது.

நடைப்பயணம் வருகிறவர்களுக்குச் சோறு போடுவதற்கென்று எங்கிருந்தெல்லாமோ வேன்களில் வருவார்கள். அதில் நல்லவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஒருவர் வந்தார், மைனர் செயின் போட்டவர். கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் சாதத்தைப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்துக் கட்டி, வேனுக்குள் மூட்டையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். எப்போது சமைத்தது என்றேன். விடியலுக்கு முன்னால் என்றார். அப்போது உச்சி வெயில். ஒரு பையைப் பிரித்ததும் புளிச்ச வாடை முகத்தில் அடித்தது. கொடுக்கக் கூடாது என்றேன்.

"ஏம்மா, தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமா?" என்றார்.

"மாடுன்னா பாக்க வேணாங்க. சோறுன்னா பாக்கணும். நீங்க ஒரு பை சாப்பிடுங்க, நான் வழியை விட்டுடறேன்."

அவர் சாப்பிடவில்லை. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டாராம். அவர் மனைவி இறங்கி வந்து, "அன்னத்தைக் கொட்டச் சொல்றியே, நீ உருப்படுவியா?" என்று மண்ணை வாரித் தூற்றாத குறை. இந்த ஒரு விஷயத்தில் என் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கொடுப்பவருக்குப் புண்ணியம் கணக்கில் ஏறிவிட்டது. வாங்கியவன் அடுத்த ஊரில் வேலியோரம் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிப்பதை அவர் பார்க்கப்போவதில்லை. பசித்தவனுக்கு மூக்கு வேலை செய்யாது என்பது இவர்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று!

அதற்கு நேர்மாறாகவும் ஒருவர் இருந்தார். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். எல்லோருக்கும் அவர் நானாதான். அண்ணனை எங்கள் ஊர் முஸ்லிம்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வருஷாவருஷம் நன்னாரி சர்பத் கொடுப்பார். ஒரு வருஷம் நான் போனபோது, சாக்குக்குள் உமி போட்டுச் சுற்றிய ஐஸ் பாளத்தைக் கட்டையால் உடைத்துச் சர்பத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நானா, இது மீனுக்குப் போடுற ஐஸ். நான் மீன்காரங்க வீட்டுப் பொண்ணு, எனக்குத் தெரியும். இதை எந்தத் தண்ணியில உறைய வைக்கிறாங்கன்னு யாரும் பாக்கறதில்ல."

அவர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. "யா அல்லா, இதையா இத்தனை பேருக்கும் குடுத்தோம்? அண்டாவைக் கவுத்துடு!" என்றார். அடுத்த நாள் மண்பானைகள் வந்தன. ஐஸ் வரவில்லை. இப்படி ஒருவரைப் பார்த்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் நன்றாக வரும்.

இனி எங்கள் பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். எங்களுக்கு மேலதிகாரி. அவர் யாரையும் கத்தி நான் கேட்டதில்லை. அறைக்குள் போனால் எழுந்து நின்று, "உக்காருங்கம்மா" என்பார். பிரெஞ்சுக்காரர் காலத்துக் குடும்பம்; காகிதத்தை நீட்டினால் நன்றிக்குப் பதில் "மெர்சி" என்று வாங்கிக்கொள்வார். பென்சிலைச் சீவிக்கொண்டே நாம் சொல்வதையெல்லாம் கேட்பார். சுருள் சுருளாக மரத்தூள் மேசையில் விழும். எல்லாம் கேட்டு முடித்தபின் ஊதித் தள்ளிவிட்டு, "பாத்துச் செய்யுங்க" என்பார். அவ்வளவுதான் உத்தரவு.

அந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் புரிய எனக்குச் சில வருஷங்கள் ஆயின. காரியம் நன்றாக முடிந்தால் அவர் பார்த்தது. கெட்டுப்போனால் நான் செய்தது. எதையும் அவர் எழுத்தில் கொடுத்ததில்லை. காலரா என்ற சொல்லை அந்த அறைக்குள் உச்சரிக்கக்கூடாது. "லூஸ் மோஷன்னு சொல்லுங்கம்மா. நல்ல நாளும் அதுவுமா அந்த வார்த்தை எதுக்கு?" என்பார். திருவிழா ஆய்வுக்கு வந்தால் அன்னதானக்காரர்கள் நீட்டும் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றி டிரைவரிடம் கொடுத்துவிடுவார். தாகமெடுத்தால் ஜீப்பில் வீட்டுப் பிளாஸ்க் இருக்கும். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர். ஊர் சனத்துக்கு எது ஆகாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவர் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

சுனாமிக்கு அடுத்த வருஷத் திருவிழாவில் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

அந்த வருஷம் நடந்து வந்த கூட்டம் எந்த வருஷத்தையும்விட அதிகம். எல்லோருக்கும் வேண்டிய யாரோ ஒருவர் அலையில் போயிருந்தார். காவித் துணி கட்டிக்கொண்டு, மாதா சிலை வைத்த சின்னத் தேர்களை இழுத்துக்கொண்டு, "மரியே வாழ்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். கடலோரக் கிணறுகளிலெல்லாம் உப்பு ஏறிக் கிடந்தது. பந்தல்களுக்குத் தண்ணீர் லாரியில்தான் வந்தது. ஒரு தனியார் ஒப்பந்தக்காரர் எடுத்திருந்தார்.

எங்கள் திருவேட்டக்குடிப் பெண்கள் கடற்கரையிலிருந்து வந்து, பெரிய ரோட்டில் முதல்முறையாக ஒரு பந்தல் போட்டார்கள். முன்னால் நின்றவர் காத்தாயி அக்கா. கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்றவர். எனக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை. அலையில் மகனைப் பறிகொடுத்தவர். "மாதா கோயிலுக்கு வந்த சனமும் அன்னைக்குப் போச்சு, நம்ம சனமும் போச்சு. ரெண்டையும் கொண்டு போனது ஒரே தண்ணிதானே தமிழு. வர்றவங்களுக்கு நாம நல்ல தண்ணி குடுப்போம்" என்றார். இந்துவா கிறிஸ்தவரா என்ற கேள்வி அங்கே யாருக்கும் எழவில்லை.

பெரிய கறுப்புத் தொட்டியை மேடை கட்டி ஏற்றியிருந்தார்கள். காலையில் நானே போய்ப் பொடியைக் கரைத்து, தெளியவைத்து, ஊற்றி, காத்திருந்து, சோதித்தேன். நல்ல மஞ்சள். மனசு நிறைந்து அடுத்த பந்தலுக்குப் போனேன்.

மறுநாள் பிற்பகல் அரசு மருத்துவமனையிலிருந்து ஆள் வந்தது. நடந்து வந்தவர்களில் சிலருக்கு வாந்தியும் பேதியும். போய்ப் பார்த்தேன். ஓரத்துக் கட்டிலில் ஒரு பெண் கிடந்தாள். ஸ்டெல்லா என்று பெயர், கடலூர்ப் பக்கம். கல்யாணமாகி வெகுநாளாகக் குழந்தையில்லை, நேர்ந்துகொண்டு கணவனோடு நடந்து வந்திருக்கிறாள். கண்கள் குழிக்குள் போயிருந்தன. கையின் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளிய மேனிக்கு நின்றது. கட்டிலுக்குக் கீழே வாளியில் இருந்தது அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது. இரண்டு கையிலும் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. அது என்ன நோய் என்று சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

எங்கெங்கே என்னென்ன குடித்தாள் என்று கணவனைக் கேட்டேன். அவனுக்கு அழுகையில் ஒன்றும் சொல்ல வரவில்லை. அவள்தான் முணுமுணுத்தாள்.

"ஒரு எடத்துல தண்ணி குடுத்தாங்கக்கா... வெட்டிவேர் வாசனையா... அம்மா வீட்டுத் தண்ணி மாதிரி இருந்துச்சு. ரெண்டு சொம்பு குடிச்சேன்."

மற்ற கட்டில்களிலும் விசாரித்தேன். எல்லோருக்கும் அந்த வாசனை ஞாபகம் இருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. முந்தின நாள் நான் மருந்து ஊற்றியபோது எந்தப் பந்தலிலும் வெட்டிவேர் இல்லை என்று எனக்குத் தெரியும். எல்லாத் தொட்டியிலும் பிளீச்சிங் வாடைதான் வந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு பந்தலாகக் குப்பியும் கையுமாகப் போனேன். காத்தாயி அக்கா பந்தலில் குழாயைத் திறந்ததுமே வாசனை வந்தது. சொட்டு விட்டேன். நிறமே இல்லை. மறுபடி விட்டேன். வெறும் தண்ணீராகவே நின்றது. மேடையில் ஏறி மூடியைத் திறந்தேன். வேட்டித் துணியில் கட்டிய வெட்டிவேர் மூட்டைகள், தலையணை அளவுக்கு, தொட்டிக்குள் மிதந்துகொண்டிருந்தன.

வாசனைக்குப் பானையில் நாலு வேர் போடுவது வேறு. மருந்து கலந்த தொட்டியில் மூட்டையாகப் போடுவது வேறு. குளோரினுக்கு எது அழுக்கு, எது வாசனை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வேரும் அதற்கு அழுக்குதான், வேரில் ஒட்டிய மண்ணும் அழுக்குதான். அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். நிஜமான கிருமி வரும்போது எதிர்க்க ஆளிருக்காது. பந்தலுக்குப் பக்கத்தில் நின்ற லாரியின் குழாய் வாயைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே பச்சைப் பாசி. டிரைவரை மிரட்டிக் கேட்டதில், ஆழ்குழாயில் வரிசை நிற்கப் பொறுமையில்லாமல் வாய்க்காலில் பம்பு வைத்து நிரப்பிக்கொண்டு வந்ததை ஒப்புக்கொண்டான். ஆற்றில் போகிற தண்ணீர், அம்மா குடி ஐயா குடி.

"யாருக்கா இதைப் போட்டது?" என்று கத்தினேன்.

"நான்தான்."

"நேத்துக் காலையில நான் மருந்து போட்டுட்டுப் போனேன்ல? எதுக்கு?"

காத்தாயி அக்கா தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவர், கழுவிக்கொண்டேயிருந்தார். முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

"அந்த வாடை எனக்கு ஆவாது தமிழு. சவுக்குத் தோப்புல குழி வெட்டி எம் புள்ளையைப் போட்டப்ப, மேல வெள்ளையாத் தூவினீங்களே. நீயும்தானே நின்னு தூவுன? அன்னைக்கு மூக்குல ஏறுனது எறங்கல. நீ ஊத்திட்டுப் போனதும் எனக்குத் தொட்டிக்குள்ள எம் புள்ளை மொகம்தான் தெரிஞ்சுது. சனங்களுக்கு எப்படி அதைக் குடுப்பேன்? வாசமா இருக்கட்டும்னு போட்டேன்."

உண்மைதான். நானும் தூவினேன். பக்கெட் பக்கெட்டாக. அந்த வாரம் எங்களுக்கு அழுவதற்கு நேரமில்லை. பொடி வாடை வந்தாலே கடற்கரையில் பல வீடுகளில் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாது.

"அக்கா, இந்தத் தண்ணி குடிச்ச ஒரு பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்கு. நாடி கெடைக்கல. அவளோட இன்னும் சில பேரு வந்திருக்காங்க. பின்னால ஒரு ஊரே நடந்து வருது."

அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். தொட்டியைத் திறந்துவிட்டுக் காலி செய்தேன். வேர் மூட்டைகளை வெளியே எறிந்தேன். பக்கத்துப் பெண்களிடம் நான் வரும்வரை ஒரு சொட்டு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பெரிய டாக்டரிடம் ஓடினேன்.

அவர் எழுந்து நின்று உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. காலரா என்றேன், அந்த வார்த்தையை அப்படியே. மைக் வைத்து நடந்து வருகிறவர்களை எச்சரிக்க வேண்டும், லாரித் தண்ணீரை நிறுத்த வேண்டும், கொம்யூன் பஞ்சாயத்துத் தண்ணீரை எல்லாப் பந்தலுக்கும் திருப்ப வேண்டும் என்றேன். அவர் பென்சிலைச் சீவினார்.

"இப்பத்தான் சனங்க சுனாமியிலேருந்து எழுந்திருக்காங்க. திருவிழா நேரத்துல பீதியைக் கெளப்பணுமாம்மா? சாம்பிள் ரிசல்ட் வரட்டும்."

"ரிசல்ட் வர்றதுக்குள்ள கொடி எறங்கித் திருவிழாவே முடிஞ்சிடும் சார்."

"பந்தலை மூடிடுங்க. அந்த மீன்காரப் பொம்பளை மேல போலீஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்துடுங்க. தண்ணியில என்னத்தையோ கலந்தான்னு. அதோட முடிஞ்சுது."

"லாரிக்காரர்?"

மரத்தூளை ஊதினார். "அதெல்லாம் பெரிய எடம்மா. பாத்துச் செய்யுங்க."

அப்போது எனக்கு வந்த கோபத்தை எழுத இந்த மொழியில் அச்சுக்கு ஏறும் சொல் இல்லை. வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவந்து விற்றவன் பெரிய இடம். பிள்ளையைப் புதைத்த கையோடு ஊர் தாகம் தீர்க்க வந்தவள் குற்றவாளி. பந்தலை மூடினால் அந்த வெயிலில் நடந்து வருகிறவன் எதைக் குடிப்பான்? நேராக வாய்க்காலுக்குத்தான் போவான். இது சுகாதாரமா?

"எழுதிக் குடுங்க சார்" என்றேன்.

"என்னது?"

"பந்தலை மூடு, அந்தம்மா மேல கேஸ் போடு, லாரியை விட்டுடுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இப்பவே செய்யறேன். எழுத்துல இல்லாட்டி நான் பாத்துத்தான் செய்வேன். எனக்குத் தெரிஞ்ச மாதிரி."

முதன்முதலாக அவர் கையில் பென்சில் அசையாமல் நின்றதைப் பார்த்தேன். எழுதவில்லை. எழுதமாட்டார் என்று எனக்குத் தெரியும். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

நேராகத் துணிக்கடைக்குப் போனேன். நானாவிடம் தள்ளுபடி விற்பனைக்கு அறிவிப்புச் செய்கிற மைக் ஆட்டோ ஒன்று இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். "எடுத்துக்கம்மா, பெட்ரோல் போட்டுத்தான் நிக்குது. யாராச்சும் கேட்டா நான் அனுப்புனேன்னு சொல்லு" என்றார். ஆட்டோ கோட்டுச்சேரி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பியது. வாந்திபேதி பரவுகிறது, மருந்து வாடை வருகிற தண்ணீரை மட்டும் குடியுங்கள், வாடை இல்லாத தண்ணீரைத் தொடாதீர்கள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னோம். பஞ்சாயத்துத் தண்ணீரை நானே போய் நின்று கெஞ்சி, சண்டை போட்டு வாங்கினேன். லாரியை உள்ளே விடாதபடி பந்தல்காரர்களே பார்த்துக்கொண்டார்கள்.

ஸ்டெல்லா பிழைத்தாள். கையில் மெழுகுவர்த்தியோடு பஸ் ஏறி வேளாங்கண்ணிக்குப் போனாள் என்று நர்ஸ் சொன்னார். சாம்பிள் முடிவு, கொடி இறங்கி வெகுநாள் கழித்து, நான் சொன்னபடியே வந்தது. அதற்குள் பாராட்டுக் கூட்டமும் நடந்து முடிந்திருந்தது. சரியான நேரத்தில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வு நடவடிக்கைக்காகப் பெரிய டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒப்பந்தக்காரர் அடுத்த வருஷமும் தண்ணீர் கொண்டுவந்தார். நான் கைதட்டவில்லை. அதை மட்டும்தான் என்னால் செய்ய முடிந்தது.

ஆனால் அந்த வருஷத்தில் நான் நினைத்துப் பார்ப்பது இவர்களை அல்ல. மைக் ஆட்டோவை அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் பந்தலுக்குத் திரும்பியபோது கண்டதைத்தான்.

பயந்துகொண்டேதான் போனேன். பந்தலைப் பிரித்துக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். பஞ்சாயத்துத் தண்ணீரால் தொட்டி நிறைந்திருந்தது. காத்தாயி அக்கா வாளியோடு நின்றார். "பொடியைக் குடு. நான் கரைக்கிறேன். நீ பக்கத்துல நின்னு சொல்லு" என்றார். நான் கரைத்துக்கொள்கிறேன், நீங்கள் தள்ளி நில்லுங்கள் என்றேன். கேட்கவில்லை. கரைக்கும்போது வாடை ஏறியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போய் வாந்தியெடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி வந்து கலக்கினார். தெளிந்தது. ஊற்றினோம். காத்திருந்தோம். குப்பியில் மஞ்சள் வந்ததை அவரிடம் காட்டினேன். தலையை ஆட்டினார்.

கூட்டம் வர ஆரம்பித்தது. அறிவிப்பைக் கேட்டிருந்தாலும் யாருக்கும் மனம் வரவில்லை. தம்ளரை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு வயதான அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "உவ்வே, மருந்து நாத்தம்!" என்று மிச்சத்தை ரோட்டில் கொட்டினார். பின்னால் நின்றவர்களும் தம்ளரைக் கீழே வைத்தார்கள். இரண்டு பேர் வாய்க்கால் பக்கம் நடந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் காத்தாயி அக்கா பந்தலைவிட்டு இறங்கிப் போய் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போறீங்க? நான் குடிக்கிறேன், பாருங்க."

தம்ளரை நிறையப் பிடித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரே மூச்சில், கடைசிச் சொட்டுவரை குடித்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. அதே தம்ளரைக் கழுவி, மறுபடி நிரப்பி, அந்த அம்மாளின் கையில் வைத்தார்.

"எம் புள்ளை மேல போட்டதும்மா இது. கெட்டதையா எம் புள்ளைக்குப் போட்டிருப்பாங்க? குடிங்க."

அந்த அம்மாள் குடித்தார்.